வாசகர் கேள்வி பதில்: பெற்றோர் படுக்கையானால் செலவுக்கு என்ன வழி?

கடந்த இதழுக்குப் பிறகு வந்த கடிதங்களில் பாதிக்கு மேல் முதியோர் பராமரிப்புச் செலவைப் பற்றியவை. ஆறு கடிதங்களை எடுத்துக்கொண்டோம். பெயர்களையும் முகவரிகளையும் தவிர்த்திருக்கிறோம்.

அம்மாவுக்கு 74 வயது. பாரிசவாதம் வந்து வலப்பக்கம் இயங்காது. அடுத்த கிழமை ஆஸ்பத்திரியில் துண்டு வெட்டி வீட்டுக்கு அனுப்புகிறார்களாம். நான் வேலைக்குப் போகிறேன். அண்ணன்மார் இருவரும் வெளிநாட்டில். மாதம் எவ்வளவு தேவைப்படும்? அரசாங்கம் ஏதும் தராதா?
– வாசகி, வெள்ளவத்தை

இலங்கையில் வைத்தியம் இலவசம், பராமரிப்பு இலவசமில்லை. ஸ்கேன், வாட்டு, கிளினிக் மருந்து எல்லாவற்றையும் அரசாங்கம் பார்த்துக்கொள்ளும். வீட்டில் அம்மாவைப் புரட்டிப் படுக்க வைப்பவருக்குச் சம்பளம் கொடுக்கும் அரச திட்டம் எதுவும் கிடையாது. முதியோர் கொடுப்பனவு, மாற்றுத்திறனாளிகள் கொடுப்பனவு எல்லாம் வருமானம் குறைந்த குடும்பங்களுக்கானவை. அண்ணன்மார் பணம் அனுப்பும் குடும்பத்துக்கு அவை கிடைக்க வாய்ப்புக் குறைவு. ஆகவே உங்கள் கணக்கை அதை நம்பாமலே போடுங்கள்.

செலவை நான்காகப் பிரித்தால் மனம் தடுமாறாது: ஆள், அன்றாடப் பாவனைப் பொருள், ஒருமுறை வாங்கும் சாமான், போக்குவரத்தும் வெளியில் வாங்கும் மருந்தும்.

இதில் ஆள் செலவுதான் மிகப் பெரியது. பெரும்பாலான வீடுகளில் கணக்குப் பிழைப்பதும் இங்கேதான். ஒரே ஆளை 24 மணித்தியாலமும் வைத்திருக்கலாம் என்று நினைப்பார்கள். அசைய முடியாதவரை இரண்டு மணித்தியாலத்துக்கு ஒருமுறை புரட்ட வேண்டும், இரவிலும்தான். இரவில் தூங்காதவர் சில வாரங்களில் சொல்லாமல் கொள்ளாமல் போய்விடுவார். அதன்பின் அவசரத்தில் இன்னொருவரைக் கூடுதல் சம்பளத்துக்குப் பிடிக்க வேண்டி வரும். பகலுக்கு ஓர் ஆள், இரவை வீட்டார் முறைவைத்துப் பார்ப்பது, கிழமையில் ஒரு நாள் லீவுக்கு மாற்று ஆள். இதை முதல் நாளே ஒழுங்குசெய்து, சம்பளத்தோடு சாப்பாட்டையும் மாற்று ஆளின் நாட்கூலியையும் கூட்டுங்கள். முகவர் நிலையம் மூலம் எடுத்தால், ஆள் நின்றுவிட்டால் எத்தனை நாளில் மாற்றாள் தருவார்கள், கொடுத்த கமிஷன் என்னவாகும் என்று எழுத்தில் வாங்குங்கள். பராமரிப்பாளர் வேலைக்கு என்விகியூ எனும் தேசிய தொழில் தகைமைச் சான்றிதழ் இருக்கிறது. அதைக் கேட்டுப் பாருங்கள். அடையாள அட்டைப் பிரதியும் பொலிஸ் அறிக்கையும் கட்டாயம்.

அடுத்தது பம்பர்ஸ். நாளுக்கு 4 என்றால் மாதம் 120. வயிற்றோட்டம் ஒருமுறை வந்தால் இன்னும் 10. ஆக மாதம் 130 என்று வைத்து உங்கள் கடை விலையால் பெருக்குங்கள். இடுப்பளவை அளந்து, முதலில் ஒரு பக்கெட் மட்டும் வாங்கிப் பாருங்கள். அளவு பெரிதானால் ஓரத்தால் ஒழுகும், சிறிதானால் தொடை இடுக்கில் தோல் உரியும். கையுறை, மெத்தையின்மேல் விரிக்கும் ஷீட், தோலுக்குப் பூசும் கிறீம் ஆகியவற்றையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

கட்டிலும் காற்று மெத்தையும் வாடகைக்குக் கிடைக்கின்றன. விலையை மாத வாடகையால் வகுத்துப் பாருங்கள். ஆறு மாதத்துக்குள் விலை முட்டிவிடும் என்றால் வாங்குவதே மேல். காற்று மெத்தையில் சிக்கனம் பார்க்காதீர்கள். படுக்கைப் புண் ஒன்று திறந்துவிட்டால் மருந்து கட்டவும் மறுபடி ஆஸ்பத்திரியில் சேர்க்கவும் போகும் பணம் அந்த மெத்தையின் விலையைத் தாண்டிவிடும். மெத்தை இருந்தாலும் புரட்டுவதை நிறுத்தக் கூடாது. காலையில் துடைக்கும்போது குதிகாலையும், வால் எலும்புக்கு மேலுள்ள இடத்தையும், இடுப்பின் இரு பக்கத்தையும் பாருங்கள். சிவந்த இடத்தை விரலால் அழுத்திவிட்டு எடுத்தால் வெளுத்துப் பின் சிவக்க வேண்டும். வெளுக்காமல் அப்படியே நின்றால் அது புண்ணின் தொடக்கம். கறுத்த தோலில் சிவப்புத் தெரியாது. சுற்றியுள்ள தோலைவிடக் கருமையாகவும் தொட்டால் சூடாகவும் இருக்கும். அந்த இடத்தைத் தேய்க்காதீர்கள். அதன்மேல் பாரம் படாமல் படுக்க வையுங்கள்.

துண்டு வெட்டுமுன் வாட்டில் நான்கு விடயங்களைக் கேட்டு முடியுங்கள். நோய் விவரம் எழுதிய டயக்னோசிஸ் கார்டை வாங்கி ஐந்தாறு போட்டோப் பிரதி எடுங்கள். இனிமேல் போகுமிடமெல்லாம் அதைத்தான் கேட்பார்கள். விழுங்கும் சக்தியைச் சோதித்தார்களா என்று கேளுங்கள்; சோதிக்காமல் தண்ணீர் பருக்கினால் நுரையீரலுக்குள் போய் நியூமோனியா வரலாம். கிளினிக் திகதியை எழுதி வாங்குங்கள். ராகம புனர்வாழ்வு வைத்தியசாலைக்கு அனுப்பக்கூடிய நிலையா என்றும் கேளுங்கள். பாரிசவாதத்தில் தேறுவது பெரும்பாலும் முதல் சில மாதங்களில்தான். அந்தக் காலத்தில் செய்யும் உடற்பயிற்சிச் சிகிச்சையால் அம்மா தானே எழுந்து இருக்கப் பழகினால், பின்னால் ஆள் செலவே குறையும்.

அண்ணன்மாரோடு பேசும்போது மாதத் தொகையை மட்டும் பேசாதீர்கள். நீங்கள் இழக்கும் லீவு, இரவு விழிப்பு, வேலையையே விட்டால் இழக்கும் சம்பளமும் சேமலாப நிதியும் எல்லாம் கணக்கில் வரவேண்டும். யார் எவ்வளவு, எந்தத் திகதியில், எந்த வங்கிக் கணக்கில் என்று ஒரு தாளில் எழுதி மூவரும் வைத்துக்கொள்ளுங்கள். மூன்று மாதச் செலவைத் தனியாக ஒதுக்குங்கள். பக்கத்தில் இருக்கும் பெண்பிள்ளை பார்க்கத்தானே வேண்டும் என்று விட்டுவிடுவது பல குடும்பங்களில் நடக்கிறது. அது பெரிய அநியாயம்.

எனக்கு 71, மனைவிக்கு 68. அவ படுத்த படுக்கை. மட்டக்குளியில் வாடகை அறையில் இருக்கிறோம். பிள்ளைகள் இல்லை. அரசாங்கத்தின் நலன்புரிக் கொடுப்பனவான அஸ்வெசுமவுக்குப் போட்டோம், பெயர் வரவில்லை. வேறு என்ன இருக்கிறது?
– வாசகர், மட்டக்குளி

ஐயா, உங்களுக்கு ஒன்றல்ல, மூன்று வழிகள் இருக்கின்றன. மூன்றையும் தனித்தனியாகக் கேட்க வேண்டும். ஒன்றைக் கேட்டால் மற்றது தானாக வராது.

முதலாவது, உங்களுக்கான முதியோர் கொடுப்பனவு. 70 வயதைத் தாண்டிய, வருமானம் குறைந்தவர்களுக்கு 2025 ஏப்ரல் முதல் மாதம் 5,000 ரூபாய். இரண்டாவது, மனைவிக்கான மாற்றுத்திறனாளிகள் கொடுப்பனவு. 2025 ஏப்ரலில் 7,500 இலிருந்து 10,000 ரூபாயாகக் கூட்டினார்கள். சிறுநீரக நோயாளர்களுக்கும் அதே தொகை. மூன்றாவது, அஸ்வெசும மேன்முறையீடு. தொடக்கத்தில் அதில் நான்கு பிரிவுகள் இருந்தன. 2025 ஜனவரி முதல் வறியவர் பிரிவுக்கு 10,000 ரூபாயும் மிக வறியவர் பிரிவுக்கு 17,500 ரூபாயும் ஆக்கப்பட்டன.

முதலில் கிராம சேவகரிடம் வதிவிடத்தை உறுதிசெய்த கடிதம் எடுங்கள். வாடகை அறை என்பதால் தேருநர் இடாப்பில் பெயர் அந்த முகவரியில் இருக்கிறதா என்று பாருங்கள். இல்லாவிட்டால் அங்கேயே வேலை நின்றுவிடும். பிறகு கொழும்பு பிரதேச செயலகத்துக்குப் போங்கள். வெள்ளவத்தை, பம்பலப்பிட்டி, நாரஹேன்பிட்டிப் பக்கத்தவர்கள் போகவேண்டியது திம்பிரிகஸ்யாய பிரதேச செயலகம். அங்கே சமூக சேவை உத்தியோகத்தரையும் முதியோர் உரிமை மேம்பாட்டு உத்தியோகத்தரையும் கேட்டுச் சந்தியுங்கள். மேசையில் படிவம் கொடுப்பவரோடு திரும்பிவிடாதீர்கள். இருவருடைய அடையாள அட்டை, விவாகப் பதிவுச் சான்றிதழ், மனைவியின் டயக்னோசிஸ் கார்ட், அரசாங்க வைத்தியரின் மருத்துவச் சான்றிதழ், வங்கிப் புத்தகத்தின் முதல் பக்கம் எல்லாவற்றிலும் இரண்டு பிரதி கொண்டுபோங்கள். மருத்துவச் சான்றிதழில் நோயின் பெயர் மட்டும் இருந்தால் போதாது. ‘பிறர் உதவியின்றி நடக்கவோ, உண்ணவோ, மலசலம் கழிக்கவோ முடியாதவர்’ என்ற விவரத்தையும் எழுதித் தரும்படி வைத்தியரைக் கேளுங்கள்.

விண்ணப்பங்கள் நின்றுபோவதற்கு நாம் அடிக்கடி காணும் காரணம் பெயர்தான். அடையாள அட்டையில் ஓர் எழுத்து, வங்கிப் புத்தகத்தில் இன்னோர் எழுத்து. இரண்டும் ஒருவரே என்று சமாதான நீதவான் முன்னிலையில் ஒரு சத்தியக் கடதாசி முடித்து இணைத்துவிடுங்கள். வங்கிக் கணக்கு உங்கள் பெயரில் மட்டும் இருந்தால் மனைவிக்குத் தனிக் கணக்கு திறக்க வேண்டி வரலாம். அவவால் வர முடியாது என்று மருத்துவச் சான்றிதழோடு முகாமையாளரிடம் சொல்லுங்கள்.

அஸ்வெசுமவில் தகுதி பார்ப்பது வருமானத்தை மட்டும் வைத்தல்ல. கல்வி, சுகாதாரம், பொருளாதார நிலை, சொத்து, வீடு, குடும்ப அமைப்பு என்ற ஆறு துறைகளில் 22 குறிகாட்டிகளை வைத்துப் புள்ளி போடுகிறார்கள். மின்சாரப் பாவனையும் அதில் ஒன்று. மட்டக்குளி, கொட்டாஞ்சேனை, மருதானைத் தோட்டங்களில் மூன்று நான்கு குடும்பங்களுக்கு ஒரே மீட்டர் இருப்பது வழக்கம். எல்லாருடைய யூனிட்டும் உங்கள் பாவனையாகப் பதிந்திருந்தால் நீங்கள் வசதியானவராகத் தெரிவீர்கள். கணக்கெடுப்பில் உங்களைப் பற்றி என்ன பதிந்திருக்கிறது என்று கேட்டுப் பாருங்கள். மீட்டர் பகிர்வு, வாடகை, மனைவியின் நிலை மூன்றையும் மேன்முறையீட்டில் எழுதி, வீட்டுக்காரரின் கடிதத்தையும் பில் பிரதியையும் சேர்த்துக் கொடுங்கள். தமிழில் எழுதலாம், அது உங்கள் உரிமை. கையளித்த திகதியை உங்கள் பிரதியில் முத்திரையிட்டு வாங்காமல் வெளியே வராதீர்கள்.

சக்கர நாற்காலி, ஊன்றுகோல் போன்றவற்றுக்கும் அதே சமூக சேவை உத்தியோகத்தரிடம் தனி விண்ணப்பம் கொடுங்கள். சத்திரசிகிச்சை போன்ற பெரிய வைத்தியச் செலவு வந்தால் ஜனாதிபதி நிதியம் இருக்கிறது. 2025 பெப்ரவரி முதல் அதற்கும் பிரதேச செயலகத்திலேயே விண்ணப்பிக்கலாம். வீட்டுப் பராமரிப்புக்கு அது கிடைக்காது.

அப்பாவுக்கு 77. ஒரு வருடமாக மறதி கூடுகிறது. வீடும் நிலையான வைப்பும் அவர் பெயரில். அற்றோர்னித் தத்துவம் எழுதி எடுத்துவிட்டால் பிறகு எல்லாவற்றையும் நாங்கள் செய்யலாம் என்று தம்பி சொல்கிறான். சரிதானா?
– வாசகி, தெஹிவளை

சரியில்லை. இந்தத் தவறான நம்பிக்கையால் எத்தனையோ குடும்பங்கள் சிக்கிக்கொள்கின்றன. அற்றோர்னித் தத்துவம் என்பது தனக்காகச் செயற்பட இன்னொருவருக்கு எழுதிக்கொடுக்கும் அதிகாரப் பத்திரம். எழுதிக்கொடுத்தவர் சுயபுத்தியோடு இருக்கும் வரைதான் அது செல்லும். அவர் புத்தி சுவாதீனத்தை இழந்தால் சட்டப்படி அதுவும் முடிந்துவிடுகிறது. புத்தி தவறிய பின்னும் நீடிக்கும் தத்துவம் சில நாடுகளில் உண்டு. லண்டனிலோ மெல்பனிலோ இருக்கும் சொந்தக்காரர் அதைத்தான் சொல்வார். இங்கே அது கிடையாது. அப்பா நன்றாக மறந்துபோன பின் அதைக் காட்டி வீட்டை விற்றால், அந்த உறுதியைப் பின்னர் நீதிமன்றத்தில் யாரும் எதிர்க்கலாம்.

மறதி தொடங்கினால் உடனே தகுதி போய்விட்டது என்று பொருளில்லை. கையெழுத்திடும் நாளில் தான் செய்வது என்னவென்று விளங்கினால் போதும். ஆகவே தாமதிக்காமல் மனநல வைத்திய நிபுணரிடமோ நரம்பியல் நிபுணரிடமோ காட்டி, இன்ன திகதியில் இன்ன விடயத்தைத் தீர்மானிக்கும் தெளிவு இருக்கிறது என்று கடிதம் எடுங்கள். அங்கொடையில் உள்ள தேசிய மனநல நிறுவனத்தில் முதியோருக்கான பிரிவு இருக்கிறது. அங்கொடை என்ற பெயருக்குக் கூச்சப்பட்டு நாட்களைக் கடத்தாதீர்கள்.

கடிதம் கைக்கு வந்த கிழமையே வங்கி வேலையை முடியுங்கள். நாளாந்தச் செலவுக்கான கணக்கை, இருவரில் எவரும் கையெழுத்திடலாம் என்ற கூட்டுக் கணக்காக மாற்றலாம். நிலையான வைப்புக்கும் அப்படியே. நியமதாரர் பெயர் போட்டிருக்கிறோமே என்று சிலர் இருந்துவிடுகிறார்கள். நியமதாரருக்குப் பணம் கிடைப்பது இறந்த பின்புதான். உயிரோடு இருக்கும்போது அவரால் ஒரு சதமும் எடுக்க முடியாது. மரண சாதனம் (உயில்) எழுத வேண்டுமென்றால் அதுவும் இப்போதே. நொத்தாரிசு முன் இரண்டு சாட்சிகள், அல்லது நொத்தாரிசு இல்லாமல் ஐந்து சாட்சிகள் வேண்டும். கூட்டுக் கணக்கில் தம்பியின் பெயரா உங்கள் பெயரா என்பதை மற்றச் சகோதரருக்கும் தெரியப்படுத்திச் செய்யுங்கள். எடுக்கும் ஒவ்வொரு தொகைக்கும் பில்லை ஒரு கொப்பியில் ஒட்டி வாருங்கள்.

காலம் தப்பிவிட்டால் மாவட்ட நீதிமன்றம் ஒன்றுதான் வழி. குடியியல் நடவடிக்கைமுறைச் சட்டக் கோவையின் 556ஆம் பிரிவு முதலான ஏற்பாடுகளின்படி, புத்தி சுவாதீனமற்றவரின் சொத்துக்கு முகாமையாளரையும் ஆளுக்குப் பாதுகாவலரையும் நியமிக்கும்படி கேட்க வேண்டும். வைத்தியச் சாட்சியம் வேண்டும், உறவினருக்கு அறிவித்தல் போகும், நியமனம் கிடைத்த பின் நீதிமன்றத்துக்குக் கணக்குக் காட்ட வேண்டும். வீட்டை விற்க மறுபடி அனுமதி கேட்க வேண்டும். வழக்குத் தவணைகளுக்கு இடையில் பம்பர்ஸ் வாங்கக் காசு யாரிடமிருந்தாவது வரத்தானே வேண்டும்? அதனால்தான் அவசரப்படுத்துகிறோம்.

பகலில் பார்த்துக்கொள்ள ஆளில்லாவிட்டால் மருதானையில் உள்ள லங்கா அல்சைமர் பவுண்டேஷனில் விசாரியுங்கள். பராமரிப்பவர்களுக்கு அவர்கள் வழிகாட்டலும் தருகிறார்கள்.

வீட்டைத் தன் பெயரில் எழுதினால் கடைசிவரை பார்ப்பேன் என்கிறாள் மகள். நான் விதவை. எழுதலாமா?
– வாசகி, வத்தளை

அம்மா, எழுதுவதானால் சீவிய உரித்தை உங்களுக்கு வைத்துக்கொண்டு எழுதுங்கள். உயிரோடு இருக்கும் வரை அந்த வீட்டில் இருக்கவும் வாடகைக்கு விட்டு வருமானம் எடுக்கவும் உங்களுக்கு உரிமை என்ற வாசகம் நன்கொடை உறுதியிலேயே இருக்க வேண்டும். வாய்ப்பேச்சு உதவாது. உறுதியைக் காணிப் பதிவகத்தில் பதிந்தாயிற்றா என்பதையும் பாருங்கள்.

பிறகு பிடிக்காவிட்டால் ரத்துச் செய்துவிடலாம் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். மீளப்பெற முடியாதது என்று எழுதிய நன்கொடை உறுதியை இன்னொரு உறுதி எழுதி ரத்துச் செய்ய 2017ஆம் ஆண்டின் 5ஆம் இலக்கச் சட்டம் இடம் தராது. பெற்றவர் பெரும் நன்றிகேடு செய்தார் என்று நீதிமன்றத்தில் நிரூபித்துத் தீர்ப்பு வாங்க வேண்டும். பராமரிப்புக்கு வேறு பணமில்லாமல் வீடு ஒன்றுதான் கைமுதல் என்றால், நன்கொடை எழுதுவதைவிட மரண சாதனம் எழுதுவது உங்களுக்குப் பாதுகாப்பு என்பதே எங்கள் எண்ணம். நினைத்தால் மாற்றி எழுதலாம், தேவைப்பட்டால் வீட்டை விற்றும் உங்களைப் பார்க்கலாம்.

எழுதிக்கொடுத்தாலும் கொடுக்காவிட்டாலும் பெற்றோரைப் பராமரிப்பது பிள்ளைகளின் கடமை என்று 2000ஆம் ஆண்டின் 9ஆம் இலக்க முதியோர் உரிமைகள் பாதுகாப்புச் சட்டம் சொல்கிறது. தம்மைத் தாமே பார்க்க இயலாத பெற்றோர் அந்தச் சட்டத்தின் கீழ் அமைந்த பராமரிப்புச் சபையில் முறையிட்டு மாதப் பணம் கேட்கலாம். பிரதேச செயலகத்தின் முதியோர் உரிமை உத்தியோகத்தர் வழிகாட்டுவார். பிள்ளையின் மேல் வழக்கா என்று மனம் கசந்து பட்டினி கிடக்கும் தாய்மாரை அறிவோம். சபை முதலில் இரு பக்கத்தையும் கூப்பிட்டுக் கேட்கும். அங்கே போவதில் வெட்கப்பட ஒன்றுமில்லை.

அப்பாவின் செலவுக்காக யாழ்ப்பாணக் காணியை விற்க இருக்கிறோம். கையிலுள்ள வைப்புப் பணத்தின் வட்டியிலும் வரி பிடிக்கிறார்கள். என்ன செய்வது?
– வாசகர், பம்பலப்பிட்டி

காணிக்கு சகபங்காளர் இருந்தால், யாழ்ப்பாணத் தமிழரின் வழமைச் சட்டமான தேசவழமைப்படி அவர்களுக்கு முன்வாங்கும் உரிமை உண்டு. முறைப்படி அறிவித்தல் கொடுக்காமல் வெளியாருக்கு விற்றால் வழக்கு வரும். கொழும்பில் பல வருடமாக இருந்தாலும் யாழ்ப்பாணக் காணிக்கு இது பொருந்தும். தேசவழமை பொருந்தும் குடும்பத்தில் காணி அம்மாவின் பெயரில் இருந்தால் அப்பாவின் சம்மதமும் வேண்டும். ஆகவே அப்பா தெளிவாக இருக்கும்போதே உறுதியை முடியுங்கள். வெளிநாட்டுச் சகோதரர் அங்குள்ள இலங்கைத் தூதரகத்தில் ஒப்பமிட்டு அனுப்பும் தத்துவத்தை இங்கே பதிவாளர் நாயகம் திணைக்களத்தில் பதிந்த பின்பே பயன்படுத்தலாம்.

வட்டிக்கு 2025 ஏப்ரல் முதல் 10 சதவீதம் பிடிக்கிறார்கள். அப்பாவின் முழு வருட வருமானம் 18 இலட்சம் ரூபாய்க்குள் என்றால் சுயபிரகடனப் படிவம் நிரப்பி வங்கியில் கொடுத்தால் பிடிக்க மாட்டார்கள். அதற்கு டின் எனும் வரி செலுத்துவோர் அடையாள இலக்கம் எடுத்திருக்க வேண்டும். ஒவ்வொரு வங்கிக்கும் தனிப் படிவம், ஒவ்வொரு வரி வருடத்துக்கும் புதிதாக. 60 வயதைத் தாண்டியவரின் ஒரு வருட நிலையான வைப்புக்கு, 10 இலட்சம் ரூபாய் வரை, சந்தை வட்டிக்கு மேல் 3 சதவீதம் கொடுக்கும் திட்டமும் 2025 வரவு செலவுத் திட்டத்தில் வந்தது. வங்கியில் கேட்காவிட்டால் சாதாரண வைப்பாகவே போட்டுவிடுவார்கள். எல்லாப் பணத்தையும் ஒரே வைப்பில் கட்டாதீர்கள். மூன்று நான்காகப் பிரித்து வெவ்வேறு மாதங்களில் முதிரும்படி போட்டால், அவசரத்துக்கு ஒன்றை மட்டும் உடைக்கலாம், மற்றவற்றின் வட்டி நட்டமாகாது.

அப்பா அரச ஓய்வூதியர் என்றால் இன்னொன்று. ஆண்டுதோறும் கொடுக்கும் உயிர்வாழ் சான்றிதழை மறந்துவிட்டால் பென்சன் நிற்கும். படுக்கையில் இருப்பவருக்காகக் கிராம சேவகரிடம் முன்கூட்டியே சொல்லி வையுங்கள்.

அம்மாவைக் கட்டணம் வாங்கும் முதியோர் இல்லத்தில் விட யோசிக்கிறோம். எதைப் பார்க்க வேண்டும்?
– வாசகர், கொட்டாஞ்சேனை

பதிவுச் சான்றிதழைக் காட்டச் சொல்லுங்கள். முதியோர் இல்லங்கள் பதிவு செய்யப்பட வேண்டும் என்பது சட்டம். பிறகு முற்பணம்: அம்மா இரண்டு மாதத்தில் இறந்துவிட்டாலோ திரும்பி வந்துவிட்டாலோ எவ்வளவு திருப்பித் தருவார்கள்? மாதக் கட்டணத்தில் பம்பர்ஸ், மருந்து, வைத்தியர் வருகை அடங்குமா? நள்ளிரவில் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோக வேண்டி வந்தால் யார் போவார், வாட்டில் துணைக்கு யார் நிற்பார், அந்த நாட்களுக்கும் கட்டணம் உண்டா? இவற்றுக்கெல்லாம் எழுத்தில் பதில் வேண்டும். நடமாடும்போது சேர்த்துக்கொண்டு, படுக்கையானதும் அழைத்துப் போங்கள் என்று சொல்லும் இடங்கள் உண்டு. அதையும் முதலிலேயே கேளுங்கள்.

தமிழ் பேசும் ஊழியர் இருக்கிறாரா என்று பாருங்கள். வலிக்கிறது, தாகமாயிருக்கிறது என்று சொல்லத் தெரியாத இடத்தில் அம்மாவை விடக் கூடாது. சொல்லிவைத்துப் போகும் பகல் நேரத்தில் எல்லா இடமும் சுத்தமாகத்தான் இருக்கும். இரவுச் சாப்பாட்டு நேரத்தில் சொல்லாமல் போங்கள். படுக்கையில் இருப்பவர்களுக்கு ஊட்டிவிட எத்தனை பேர் நிற்கிறார்கள், தட்டில் எவ்வளவு மிச்சம் இருக்கிறது, தண்ணீர்க் கிளாஸ் கை எட்டும் தூரத்தில் இருக்கிறதா என்று பார்த்துவிட்டுப் பணத்தைக் கட்டுங்கள்.